ஓங்கிய கதையும் முள்மரமும்

நுழையும்முன்
பகைவன் தாக்குவதற்கு முன்பே அவனைத் தாக்குவது அறமாகுமா? இன்றும் உலக அரங்கில் எழும் இவ்வினாவுக்குத் தொண்டை மண்டலத்தின் கல்லும் கல்வெட்டும் சில சான்றுகளைத் தாங்கி நிற்கின்றன.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே செல்லும் சாலை மாமல்லபுரக் கடற்கரையை அடைகிறது. கார்த்திகை மாதக் காலையொன்றில், பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் சிலர் தம் தமிழாசிரியருடன் அவ்வழியே கல்விச் சுற்றுலா வந்தனர். கலங்கரை விளக்கத்தை அடுத்துள்ள மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் அவர்கள் நெடுநேரம் நின்றனர்.

அம்மண்டபத்தின் ஒரு சுவரில் போர் நடக்கிறது. சிங்கத்தின்மீது அமர்ந்த கொற்றவை எருமைத்தலை அசுரனை எதிர்க்கிறாள். எதிர்ச்சுவரில் போர் இன்னும் தொடங்கவில்லை. பாம்பணையில் திருமால் துயில்கிறார். அவருடைய காலடிப் பக்கம் மது, கைடபர் என்னும் அசுரர் இருவர் கதையுடன் தாக்க முனைந்து நிற்கின்றனர்.

மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, பகைவர் கதையை ஓங்கும்வரை ஏன் பொறுத்திருக்க வேண்டும்? என் அண்ணன் எல்லையில் காவல் புரிகிறார். எதிரி முதலில் சுடட்டும் என்று காத்திருந்தால், முதலில் வீழ்பவர் அவர்தானே?"

ஆசிரியர் உடனே விடை கூறவில்லை. மாணவர்களை அழைத்துச் சென்று வெளியே மரநிழலில் அமரச் செய்தார்.

முள்மரம்
"முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களைய வேண்டும்; முற்றினால் வெட்டுபவர் கையையே அது வருத்தும் என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறாரே?" என்றான் மற்றொரு மாணவன்.

ஆசிரியர் அதனை ஏற்றுக்கொண்டார். ஆனால், அக்குறள் இடம்பெறும் அதிகாரத்தின் பெயர் 'பகைத்திறம் தெரிதல்' என்பதை நினைவூட்டினார். களைவதற்கு முன் தெரிதல் வேண்டும். விளையாட்டாகவும் பகையை விரும்பலாகாது என்று தொடங்குகிறது அவ்வதிகாரம். பகையை நட்பாக்கிக் கொள்பவனின் பெருமையில் உலகம் தங்கும் என்றும் அது கூறுகிறது. முள்மரக் கன்று வளர்ந்தால் முள்மரமாகவே ஆகும். அண்டை நாடு நாளை என்னவாகும் என்பதை அவ்வாறு அறுதியிட்டுக் கூற இயலுமா?

வாதாபி விட்டுச்சென்ற பாடம்
மாமல்லபுரத்திற்குத் தன் பெயரைத் தந்த மாமல்லன் முதலாம் நரசிம்மவர்மனும் இவ்வினாவை எதிர்கொண்டிருப்பான். அவன் தந்தை மகேந்திரவர்மன் காலத்திலேயே சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின்மீது படையெடுத்தான். பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னே ஒடுங்கச் செய்ததாக 634ஆம் ஆண்டின் ஐகொளெக் கல்வெட்டு பெருமை பேசுகிறது. நரசிம்மவர்மன் காலத்தில் புலிகேசி மீண்டும் வந்தான். பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் பல்லவர் வென்றதைக் கூரம் செப்பேடு தெரிவிக்கிறது. இவற்றுள் மணிமங்கலம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊராகும்.

மணிமங்கலத்தில் நடந்தது தற்காப்பு. அதன் அறத்தை எவரும் ஐயுறார். ஆனால், போர் அங்கே நிற்கவில்லை. 642ஆம் ஆண்டளவில் பல்லவப்படை வாதாபியைக் கைப்பற்றியது. பழிதீர்க்கும் வேட்கையோடு, பகைவன் மூன்றாம் முறை வராதிருக்க வேண்டும் என்னும் எண்ணமும் அதில் கலந்திருக்கலாம். ஆயின், வேர் அறுபட்டதா? புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் வாதாபியை மீட்டான். பின்னர்க் காஞ்சியின்மீதும் படையெடுத்தான். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். வாதாபிப் பாறையில் பல்லவன் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் சாளுக்கியன் கல்வெட்டு இருக்கிறது. பகை வேரறுந்துவிட்டது என்று சொல்ல இரு கல்வெட்டுகளுக்கும் உரிமை இல்லை.

ஓங்கிய கை
"அப்படியானால் முந்தித் தாக்குவது எப்போதுமே தவறா, ஐயா?" என்று கேட்டாள் மாணவி.

அன்று என்று ஆசிரியர் விளக்கினார். 1837இல் கனடாவிலிருந்த ஆங்கிலேயப் படையினர் நயாகரா ஆற்றைக் கடந்து, கிளர்ச்சியாளருக்கு உதவிய 'கரோலின்' என்னும் கப்பலை அமெரிக்கக் கரையில் எரித்தனர். இதைப் பற்றி 1841இல் எழுதிய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஆபத்து அக்கணமே நேர்வதாக இருத்தல் வேண்டும். வேறு வழியோ சிந்திக்க நேரமோ இல்லாதிருத்தல் வேண்டும். இதுவே ஓங்கிய கதை. என்றேனும் ஓங்கக்கூடும் என்னும் அச்சம் இதனின் வேறானது. 2003இல் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்று கூறி ஈராக்கின்மீது போர் தொடுக்கப்பட்டது. கூறப்பட்ட ஆயுதக் குவியல்கள் தேடியும் கிடைக்கவில்லை. மாண்டவர் மீளவில்லை.

"அச்சம் மட்டுமே தாக்கும் உரிமையைத் தருமானால், அவ்வுரிமை எதிரிக்கும் உண்டு அல்லவா? உன் அண்ணனைக் கண்டு அஞ்சும் காவலன் ஒருவன் அப்பக்கமும் நிற்கிறான். அவனுக்கும் ஒரு தங்கை இருக்கலாம்" என்றார் ஆசிரியர். பிறகு தாழ்ந்த குரலில், "பொறுமைக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை முதலில் கொடுப்பவர் உன் அண்ணன் போன்றோரே. அதை மறைத்துப் பேசுவது அறமாகாது. ஆதலால், அவர்களை விழிப்போடும் வலிமையோடும் வைத்திருப்பது நாட்டின் கடன். முந்தித் தாக்கத் துணிபவர் சான்று காட்டுவதும் கடனே" என்றார்.

தூது
இத்தொண்டை மண்டலத்துக்கே அதியமானின் தூதராக ஔவையார் வந்தார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். இங்குள்ள கருவிகள் அழகுடன் பொலிகின்றன. அதியமானின் கருவிகளோ போரில் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை புகழ்வது போலப் பாடினார். அதியமானின் போர்ப்பயிற்சியை மறைமுகமாக உணர்த்திய அப்பாடல் புறநானூற்றில் 95ஆம் பாட்டாக நிற்கிறது. வலிமையை எதிரிக்கு உணர்த்திப் போரை விலக்க முயல்வதும் முந்திக்கொள்ளுதலே. அதற்கு வாள் வேண்டியதில்லை.

மாலையில் பேருந்து புறப்படுமுன் அம்மாணவி மீண்டும் மண்டபத்திற்குச் சென்றாள். அசுரரின் கதையைச் சற்று நேரம் உற்று நோக்கினாள். "ஐயா, இருட்டில் நிற்பவருக்கு எதிரே தெரிவது ஓங்கிய கையா, வெறும் கையா என்று எப்படித் தெரியும்?" என்றாள்.

"அதைத் தெரிந்துகொள்ளத்தான் அரசுகளுக்கு அறிவும் தூதும் வேண்டும், அம்மா. அவ்விருட்டில் உன் அண்ணனைத் தனியே விட்டுவிடக் கூடாது" என்றார் ஆசிரியர்.