கையை எடுக்கலாம்!

குழந்தைக்கு நீச்சல் பழக்கும் விஷயத்தில் நம்மவர்களிடம் ஒரு பழைய சாஸ்திரம் இருந்து வருகிறது. பிள்ளையைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட வேண்டியது; உயிர்ப் பயம் மற்றதைக் கற்பித்துவிடும் என்பார்கள். அவ்விதம் தேறியவர்கள் மீசையை முறுக்கிக்கொண்டு அதைச் சொல்கிறார்கள். அன்றோடு கிணற்றுப் பக்கமே போகாதவர்களோ வாய் திறப்பதில்லை. ஆகையால் சாஸ்திரத்துக்குத் தோல்வியே கிடையாது!

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இது வேடிக்கை விஷயமன்று. கருங்கல் வெட்டியெடுத்த பள்ளங்களில் மழைநீர் தேங்கி நிற்கிறது. கரை செங்குத்து, ஆழம் தெரியாது. தென்பெண்ணையோ பெங்களூரின் கழிவைச் சுமந்து வருகிறது. கெலவரப்பள்ளி அணையருகே நுரை மலைபோல் திரளுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தொழிற்பேட்டைக்குப் பிழைக்க வந்த குடும்பத்துக் குழந்தை நல்ல தண்ணீரைத் தேடித்தான் போகவேண்டும். பள்ளமோ தேடாமலே எதிர்ப்படுகிறது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பள்ளிச் சிறுவருக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் கூறுவது நமக்காகவே கூறியதுபோல் இருக்கிறது.

நமது தங்கை மகளுக்கு ஏழு வயது. தண்ணீரென்றால் தாயின் முந்தானைக்குள் ஒளிவாள். ஓசூர் ஆலையொன்றில் வேலை பார்க்கும் அவள் தகப்பனார், 1994-ல் பன்னிரண்டு வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரனை அடிக்கடி உதாரணம் காட்டுவார். தேசமே பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆயினும் நடுங்குகிற குழந்தைக்கு அது தைரியத்தைத் தராது, வெட்கத்தைத்தான் தரும்.

காவேரிப்பட்டினத்துக்கு அருகே உறவினரின் மாந்தோப்பில், பம்புசெட் மோட்டாரை நிறுத்திவிட்டு, அவள் இடுப்பளவு நீருள்ள சிமெண்டுத் தொட்டியில் ஆரம்பித்தோம். குளிர்ந்த ஜலம் திடீரென மேலே பட்டால் மூச்சு இழுத்துப் பிடிக்கும். அதையே குழந்தை ஆபத்தென்று எண்ணிவிடுகிறது. ஆகவே முதல் நாள் தொட்டி விளிம்பில் அமர்ந்து, பாதம், முழங்கால், தோள் என்று சொம்பால் அவளே ஊற்றிக்கொண்டாள். அவ்வளவே பாடம். மறுநாள் முகத்தை நீரில் வைத்து, வாயை மூடி, "ம்ம்" என்று ராகம் இழுக்கச் சொன்னோம். மூக்கின் வழியே காற்று வெளிவரும் வரையில் தண்ணீர் உள்ளே ஏறாது. குமிழிகளைக் கண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு பத்துப் பாடங்களுக்குச் சமானம் என்பது நமது அபிப்பிராயம்.

நாலாம் நாள் மல்லாந்து மிதக்கும் பாடம். முதுகின் கீழ் நமது உள்ளங்கை. "மாமா, கையை எடுத்துட மாட்டீங்களே?" என்றாள். அவள் சொல்லாமல் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தோம். பெரியவர்கள் இவ்விடத்தில்தான் பெரும்பாலும் ஏமாற்றுகிறார்கள். பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே விட்டுவிடுகிறார்கள். குழந்தை மிதந்துவிடவும் கூடும். ஆனால் அடுத்த முறை அந்தக் கையை அது எதற்காக நம்பவேண்டும்?

மூச்சை நிறைய இழுத்து வைத்து, உடம்பைத் தளர்த்தினால் மிதக்கலாம். பயந்து தலையைத் தூக்கினால் கால் அமிழ்ந்துவிடும். இதை அவள் கண்டுகொள்ள இரண்டு நாளாயிற்று. அதுவரை கை இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாம் நாள், காதிரண்டும் நீருக்குள் இருக்க, வானத்தைப் பார்த்தபடி, "எடுக்கலாம்" என்றாள்.

எடுத்தோம். சற்றைக்கெல்லாம் துள்ளி எழுந்து நின்று, "பத்து எண்ணினேன்!" என்று கூவினாள். நாம் எண்ணியது நாலுதான். கணக்கு உபாத்தியாயராக இருந்தும் அதைத் திருத்தவில்லை.