உதிர்ந்த கொம்பைத் தேடி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கோடியிலே மேய்ன் என்றொரு ராஜ்யம் உண்டு. அங்கே மூஸ்ஹெட் என்னும் பெரிய ஏரியின் தென்கரையில் இருக்கிறது கிரீன்வில் என்ற சிற்றூர். மார்ச்சு மாதத்தில் நாம் போய்ச் சேர்ந்தபோது ஏரி முழுவதும் உறைந்து, நீர் எது, கரை எது என்று பிரித்தறிய இயலாதபடி வெண்மையாய்க் கிடந்தது. ஊர் பார்க்க வருகிறவர்கள் கோடையில் வருவார்கள். மூஸ் என்னும் மானின் உதிர்ந்த கொம்பைத் தேடுகிறவர்களோ பனி கிடக்கும்போதே வந்துவிடுகிறார்கள். நாம் இரண்டாவது ரகம்.

கொம்பு உதிருமோ என்று நேயர்கள் ஐயுறலாம். பசுவுக்கும் மானுக்கும் கொம்பு என்ற ஒரே சொல்லை நாம் வழங்குவதால் வந்த வினை அது. பசுவின் கொம்பு ஆயுள் முழுவதும் இருப்பது. உள்ளே எலும்பும், வெளியே நகம் போன்ற உறையும் உடையது. நம் மலைக்காடுகளில் திரியும் கடமானின் கிளைக்கொம்போ முழுவதும் எலும்பு. உதிர்ந்து மறுபடி முளைப்பது. மூஸும் அந்தக் குலமே. மான் இனத்தில் இதனினும் பெரியது உலகில் வேறில்லை. ஆண் மூஸுக்கு வசந்தத்தில் கொம்பு முளைவிடும். மெல்லிய ரோமம் போர்த்த தோல் அதற்கு இரத்தம் ஊட்டும். செப்டம்பர் வாக்கில் தோல் உரிந்துபோக, முறத்தின் ஓரத்தில் விரல்களைப் பொருத்தினாற் போன்ற எலும்பு வெளிப்படும். பெண்ணுக்காக நடக்கும் போர் அக்டோபரோடு ஓய்ந்ததும் உடலில் ஆண்மைச் சுரப்பு குறைகிறது. கொம்பின் அடியெலும்பை உடலே அரித்துக் கரைக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அது தானே கழன்று விழும். இளங்காளைகள் மட்டும் இன்னும் சில காலம் சுமந்து திரியும்.

நமக்கு வழிகாட்டியவர் நெடுங்காலம் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஒரு முதியவர். டென்னிஸ் மட்டையைக் காலில் கட்டினாற் போன்ற பனிப் பாதரட்சைகளை நமக்கு மாட்டிவிட்டு, மேப்பிளும் பர்ச்சும் தழைத்திருந்த ஒரு மலைச்சரிவுக்கு அழைத்துச் சென்றார். பல ஆண்டுகளுக்கு முன் பெருமரங்களை வெட்டிய இடம் அது. இளங்குச்சிகள் மண்டிய அத்தகைய சரிவுகளே ஆண் மூஸுகளின் குளிர்கால அன்னசத்திரம். ஆள் உயரத்துக்கு மேலே ஒடிக்கப்பட்ட கிளைகள், பனியில் குழிந்த படுக்கைகள், கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரிய சாணி உருண்டைகள்: இவற்றைக் கண்டால் நின்று தேட வேண்டும். மற்ற இடத்தில் நடப்பது வீண்.

சற்று நேரத்தில் புதிய குளம்புத் தடம் ஒன்று குறுக்கிட்டது. நாம் உற்சாகத்தோடு அது போன திசையில் திரும்பினோம். பெரியவர் கைத்தடியை நீட்டி மறித்து, எதிர்த்திசையைக் காட்டினார். மிருகம் போகிற இடத்துக்கு நாம் போகலாகாது. அது வந்த வழியே பின்னோக்கிப் போக வேண்டுமாம். அது இருந்து புறப்பட்ட இடத்தில்தான் கொம்பு கிடக்கும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை அவர் சொல்லக் கேட்டு நம் உற்சாகம் பாதி தணிந்தது.

குளிர்காலம் முழுவதும் மூஸ் குச்சியையும் பட்டையையும் தின்று, கோடையில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துப் பிழைக்கிறது. மார்ச்சு மாதத்தில் அந்த இருப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் ஆழ்பனியில் அதை ஓட விரட்டுவது பட்டினி கிடப்பவன் கையிலுள்ள கடைசிக் கவளத்தைத் தட்டுவதற்கு ஒப்பாகும். போதாக்குறைக்கு உண்ணி வேறு. நம் ஊர் மாட்டின் காதில் பத்து உண்ணி கண்டால் பதறுகிறோம். மேற்கு மேய்னிலும் அண்டை ராஜ்யமான நியூ ஹாம்ப்ஷயரின் வடபகுதியிலும் 2014 முதல் 2016 வரை செய்த ஆராய்ச்சியில், இறந்த கன்று ஒன்றுக்குச் சராசரி 47,000க்கு மேற்பட்ட உண்ணிகள் இருந்தன! இலையுதிர் காலத்தில் செடி நுனியில் ஏறி இவை காத்திருக்கும். பனி சீக்கிரம் விழுந்தால் மடியும். இப்போது பனி தாமதிக்கிறது, உண்ணிக்குக் கொண்டாட்டம். 2022-இல் மேய்னில் கழுத்துப்பட்டை பூட்டிக் கண்காணித்த கன்றுகளில் 100க்கு 86 வசந்தத்தைத் தாண்டவில்லை.

கத்திப் பிடிக்கும், விளக்குத் தண்டுக்கும், நாய் கடிப்பதற்கும் கொம்பை விலைக்கு வாங்குகிறார்கள். ஆகையால் பனியில் ஓடும் மோட்டார் வண்டியேறிக் காளைகளைத் துரத்துவோரும் இருக்கிறார்கள். மேற்கே வையோமிங் ராஜ்யத்தின் பல பகுதிகளில் ஜனவரி முதல் ஏப்ரல் முடியப் பொது நிலங்களில் கொம்பு பொறுக்கச் சட்டமே தடை செய்கிறது. நல்ல சட்டம் என்பதே நம் எண்ணம்.

பின்தடத்தில் இரண்டு மணி நேரம் நடந்தோம். கால் கடுத்தது, மூச்சு மீசையில் உறைந்தது. ஒரு பர்ச்சு மரத்தடியில், பனிக்கு மேலே பழுப்பு விரல்கள் மூன்று நீட்டிக்கொண்டிருந்தன. பழைய கொம்பு வெளுத்திருக்கும். பழுப்பு இவ்வாண்டுச் சரக்கு. கையால் தோண்டி எடுத்தோம். ஒரு குழந்தையைத் தூக்குவது போல் இரு கையாலும் ஏந்த வேண்டியிருந்தது. அதன் ஒரு விளிம்பை அதற்குள்ளாகவே எலியோ முயலோ சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறித்திருந்தது. அடியில், எலும்பு அறுந்த இடம், பவளப்பாறை போல் சொரசொரவென்றிருந்தது.

ஜோடிக் கொம்பு அகப்படவில்லை. இரண்டும் ஒரே நாளில் விழ வேண்டும் என்ற நியதியில்லை. மற்றது ஒரு மைல் தள்ளியும் கிடக்கலாம். இன்னும் தேடலாமே என்றோம். பெரியவர் சரிவின் மேற்புறத்தைக் காட்டினார். ஃபர் மரங்களுக்கிடையே பெரியதொரு கரிய உருவம் படுத்தபடி நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்திருக்கவில்லை. நாம் பேசாமல் இறங்கினோம். ஏப்ரல் கடைசியில் பனி உருகியதும் தாம் மட்டும் வந்து மற்றதைத் தேடுவதாகப் பெரியவர் சொன்னார்.