பல தழை மேய்ந்த வாய்

காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். வாயிலுக்கு எதிரே டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம் கேட்கிறது. கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் டேங்கர் லாரிகள் ஓய்வதில்லை. கிழக்கே ஆலைச் சுவர்கள். அவற்றின் முதுகுக்குப் பின்னால் உப்பனாறு. சுவருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஒரு மண் துண்டு கிடக்கிறது, ஒரு மாட்டுவண்டி நிற்கும் அகலத்துக்கு. அதில் வெள்ளாடு ஓட்டிக்கொண்டு ஆயா ஒருத்தி வருகிறாள். தோளில் துரட்டிக்கோல். இடது மணிக்கட்டில் சுற்றிய கயிற்றின் மறுமுனையில் ஒரு பெட்டையாடு. மற்றவை எல்லாம் அவிழ்த்துவிட்டவை.

“உங்க ஊரு பக்கம் ராத்திரி வாடை அடிச்சிதா ஆயா?” டீக்கடைக்காரர் கேட்கிறார்.

“அடிக்காம என்ன. கதவ சாத்திக்கினு படுத்தோம்.”

குடிகாடு, ஈச்சங்காடு, செம்மாங்குப்பம் பக்கமெல்லாம் இது வழக்கமான விசாரிப்பு. 2004-இல் இந்தக் கிராமத்துக்காரர்களே கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்து, எந்த நேரத்தில் என்ன வாடை வந்தது என்று எழுதிவைத்தார்கள். வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மூக்கை நம்பிப் பிழைக்கிற ஊர்கள். ஆடுகளும் அப்படித்தான் மேய்கின்றன.

முன்னால் போகும் கருப்புத் தாயாட்டைப் பார்க்கிறேன். குப்பைமேனியில் ஒரு வாய். சீமைக்கருவேலங் கொழுந்தை முள் படாமல் உதட்டால் இழுத்து ஒரு வாய். வேலிப்பருத்திக் கொடியை முகர்ந்துவிட்டு நகர்கிறது. எருக்கஞ்செடியில் பச்சை இலையைத் தொடவில்லை. அடியில் பழுத்து மஞ்சளாகிவிட்ட ஒன்றைக் கடித்து, பாதியைத் துப்பிவிட்டுப் போகிறது. எதிலும் அது நிலைப்பதில்லை. அதன் பின்னாலேயே போகும் குட்டி, தாய் கடித்ததைக் கடிக்கிறது, தாய் விட்டதை விடுகிறது.

வெள்ளாட்டின் பாதுகாப்பே இந்த அலைச்சல்தான். செடிக்கு ஓடத் தெரியாது. ஆகவே இலையிலும் பாலிலும் விதையிலும் நஞ்சை வைத்துக்கொள்கிறது. எருக்கம்பாலில் இருப்பவை இதயத்தைத் தாக்கும் பொருள்கள். அதே எருக்கில் மேய்ந்து வளரும் வெந்தய வரியன் புழு அந்த நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதைத் தின்ற பறவை இன்னொரு முறை கிட்டே வராது. ஆட்டுக்கு அந்த வித்தை கிடையாது. அதனிடம் இருப்பது ஒரு கல்லீரல். சின்ன அளவாக வந்தால் பல நஞ்சுகளை உடைத்துத் தள்ளிவிடும். பத்துச் செடியில் பத்து வாய் மேய்ந்தால் எதுவும் பெரிய அளவாவதில்லை. எதை எவ்வளவு தின்னலாம் என்பதைக் குட்டி தாயின் வாயைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. ஆனால் பத்துச் செடி இருந்தால்தானே பத்து வாய்.

தொழிற்பேட்டைகள் அமைக்கும் சிப்காட் நிறுவனத்தை அரசு 1971-இல் தொடங்கியது. கடலூரில் தொழிற்பேட்டை எழும்பியது 1980களில். அதற்கு முன் இந்த மண்ணில் வேர்க்கடலை, கம்பு, சவுக்கு. கொல்லை அறுப்பு ஆனதும் ஆடு இறங்கும். ஆற்றங்கரைப் புறம்போக்கு இருந்தது, வேம்பும் பூவரசும் இருந்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்தில் மிஞ்சியிருந்த மரங்களிலும் எத்தனையோ சாய்த்துப் போட்டது. நிலம் எடுத்தபோது பட்டா வைத்திருந்தவருக்குப் பணம் வந்தது. மேய்ச்சலுக்கு ஏது பட்டா? பட்டா இல்லாத இந்த இழப்பு கணக்கில் வராமல் போவது எனக்கு ஆறாத குறை. ஆடு குறையவில்லை, ஆயா மேய்ப்பதை விடவில்லை, மண் மட்டும் ஒரு வண்டி அகலத்துக்கு வந்துவிட்டது. அந்த அகலத்தில் தானாக முளைத்து நிற்பவை பெரும்பாலும் ஆடு ஒதுக்கிய செடிகள்தான்.

கயிற்றில் வரும் பெட்டையை இப்போதுதான் நன்றாகப் பார்க்கிறேன். வயது ஒன்றரை இருக்கும். தலை ஆடிக்கொண்டே இருக்கிறது, நிற்கும்போதும் நடக்கும்போதும். பின்னங்கால்களை அகட்டி வைத்துத்தான் நிற்க முடிகிறது. திரும்பும்போது இடுப்பு ஒருபக்கம் சரிந்து, பிறகு சுதாரிக்கிறது. அதன் கண் முழுக்கச் சாலையோரப் பள்ளத்தில். அங்கே கழிவுநீர் தேங்கி, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆளுயரத்துக்கு மண்டியிருக்கிறது. வெளிர் ஊதாப் புனல் பூக்கள் வெயிலில் விரிந்திருக்கின்றன. பெட்டை இழுக்கிறது. ஆயா கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறாள்.

“பாக்குது பாரு, சாராயக்கடைய பாக்கற மாரி.”

அவள் சொன்னது முற்றிலும் சரி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி ஊமத்தையைப்போல வாய் வைத்ததும் விரட்டுவதில்லை. கோடையில் எல்லாம் காய்ந்த பிறகும் பள்ளத்தில் இது மட்டும் பச்சையாக நிற்கும். பசித்த ஆடு முதலில் தயங்கும், பிறகு தின்னும், பிறகு அதைத் தேடித் தின்னும். ஒரு நாள் தின்றால் ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் தின்றால் உடம்பு வற்றும், மயிர் சிலிர்க்கும், தலை ஆடும், நடை தடுமாறும். இலைக்குள் இருப்பது ஸ்வைன்சோனைன் என்ற நஞ்சு. 1979-இல் ஆஸ்திரேலியாவில் வேறொரு மேய்ச்சல் செடியில் கண்டுபிடித்தார்கள். நெய்வேலிக் காட்டாமணக்கில் அதை உண்டாக்குவது செடிகூட அல்ல, இலைக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் பழைய சர்க்கரைச் சங்கிலிகளை உடைத்துக் கழிக்கும் ஒரு நொதி உண்டு. நஞ்சு அதை முடக்கிவிடுகிறது. உடையாத கழிவு செல்லுக்குள்ளேயே குவிகிறது. நடையையும் தலையின் நிலையையும் காக்கும் சிறுமூளை இதில் கடுமையாக அடிபடுகிறது.

மொசாம்பிக்கிலும் பிரேசிலிலும் ஆட்டு மந்தைகள் இதே செடியால் இதே விதமாக விழுந்திருக்கின்றன. தின்னப் பழகிய ஒரு ஆட்டைப் பார்த்து மற்றவையும் பழகிக்கொள்ளும் என்று பிரேசில்காரர்கள் கண்டிருக்கிறார்கள். நன்மையைக் கற்றுத்தரும் அதே பார்வைதான். சீக்கிரம் விலக்கினால் ஆடு தேறிவிடும். முற்றிவிட்டால் தலையாட்டம் சாகும்வரை நிற்காது. இந்தப் பெட்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்த அளவில் சொல்ல முடியாது. ஆயா ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் படித்தவளில்லை. ஆனாலும் சரியான ஆட்டைத்தான் கயிற்றில் பிடித்திருக்கிறாள்; பள்ளத்தை ஒட்டிப் போகும்போது மந்தைக்கும் பள்ளத்துக்கும் நடுவே தானே நடக்கிறாள்.

சீமைக்கருவேலமும் வந்தேறிதான். அதன் இனித்த காயை ஆடுமாடு விரும்பித் தின்னும், வறட்சிக்கு அதுவே தீனி. மாதக்கணக்கில் அதை மட்டுமே தின்றால் தாடை நரம்பு செத்து, அசைபோட முடியாமல், முகம் ஒரு பக்கம் கோணிப்போகும். இதையும் பிரேசில் மாடுகளிடம் பார்த்திருக்கிறார்கள். வேறு தீனியோடு கலந்து கொஞ்சமாகத் தின்றால் அதுவே நல்ல சத்து.

தெரிவு இருக்கிற இடத்தில் விலங்கு தன்னைக் காத்துக்கொள்கிறது. தெற்கே பிச்சாவரத்தில் தில்லை மரம் நிற்கிறது, சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பேரைக் கொடுத்த மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை மறையும். அதே சதுப்பில் வெண்கண்டல் தழையும் இருப்பதால் கால்நடை தில்லையை விட்டுவிட்டு அதை மேய்கிறது.

இங்கே தாயாடு திடீரென்று வேகமெடுக்கிறது. அடுத்த ஆலையின் சுவரோரம் காய்ந்த தழைக் குவியல். அருகில் ஒரு தோட்டக்காரர் நீளக் கத்தரியோடு, சுவருக்கு மேலே தலைநீட்டிய செவ்வரளியை மட்டம் தட்டிக்கொண்டிருக்கிறார். குவியலில் இருப்பது முந்தைய வெட்டு. இலை சுருண்டு, பழுப்பேறி, கோரைப்புல்லோடு கலந்து கிடக்கிறது.

ஆயாவின் குரல் சாலையின் அந்தப் பக்கம்வரை கேட்கிறது. “ஏய், ஹை, ஹை!” துரட்டிக்கோல் தாயாட்டுக்கும் குவியலுக்கும் நடுவே விழுகிறது. ஆடு பின்வாங்குகிறது.

புதிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது வளாகத்தில் ஒரு பகுதி பசுமையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதுவார்கள். அரளி அதற்குத் தோதான செடி. தண்ணீர் கேட்காது, உப்புக்காற்றும் தூசியும் புகையும் தாங்கும், வருடம் முழுக்கப் பூக்கும். ஆடு கடிக்காது என்பதும் நடுகிறவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. பச்சையாக நிற்கும்வரை அது உண்மை. கசப்பு அதற்குக் காவல். வெட்டிப் போட்டுக் காய்ந்ததும் கசப்பு குறைகிறது, நஞ்சு குறைவதில்லை. வளர்ந்த மாடு ஒன்றைச் சாய்க்கப் பத்து இருபது இலை போதும் என்று கால்நடை மருத்துவர்கள் கணக்குச் சொல்வார்கள். ஆட்டுக்கு அதைவிடக் குறைவு. இதயத் தசையின் செல்லில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி மாற்றி இறைக்கும் ஏற்பாடு நின்றுபோகிறது. கழிச்சல், வயிற்றுவலி, சில்லிட்ட காதும் காலும், விட்டுவிட்டு அடிக்கும் நாடி. பல சமயம் இதெல்லாம் யார் கண்ணிலும் படுவதற்குள் மாடு கொட்டிலில் செத்துக் கிடக்கும். 1962-க்கு அழைத்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும். அரளி தின்ற மாட்டுக்கு அதற்குக்கூட நேரம் இருப்பதில்லை.

அரளியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேய்ச்சல் ஒட்டிய வெளிச்சுவரில் பூவரசு நடலாம், வேம்பு நடலாம். அரளிதான் வேண்டுமென்றால் வெட்டியதை உள்ளேயே குழிவெட்டி மூடலாம். இவ்வளவு செய்ய ஆலைக்கு ஆகும் செலவு ஒரு ஆட்டின் விலைகூட இராது.

“தம்பி, வெட்டறது உன் வேல. வெளிய ஏன் போடற?”

தோட்டக்காரர் கத்தரியை இறக்குகிறார். நாற்பது வயது இருக்கும், ஒப்பந்தக் கூலி என்பது சட்டையிலேயே எழுதியிருக்கிறது. “உள்ள போட எடம் காட்டலம்மா. வெளிய தள்ளுன்னாங்க.”

“போன கோடையில எங்க தெருவுல செனமாடு ஒண்ணு பூட்டுது. வயித்துல கண்ணு. காஞ்ச அரளிதான் துன்னுருக்கு.”

அவர் பதில் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டு இரண்டு உரச்சாக்கு வாங்குகிறார். குவியலை வாரி அடைக்கிறார். பெருந்தழை போய்விட்டது, உதிர்ந்த இலை புல்லுக்குள் சிதறிக் கிடக்கிறது. ஆயா கயிற்றாட்டைச் சுவர்க்கம்பியில் கட்டிவிட்டுக் குந்துகிறாள். புல்லை விரலால் பிரித்து ஒவ்வொரு இலையாகப் பொறுக்குகிறாள்.

வாயிலில் நின்ற செக்யூரிட்டிப் பையன், மந்தை அந்தப் பக்கம் வராமல் இரண்டு கையையும் விரித்து மறித்தபடி கேட்கிறான். “காஞ்சி போனா எல்லாம் ஒரே மாரி இருக்கே ஆயா. எது அரளின்னு எப்பிடித் தெரியும்?”

“இங்க வா. தடியா இருக்குதா, நடுவுல ஒரே நரம்பு நெட்டா ஓடுதா. புல்லு கசங்கும், இது ஒடையும். கொப்பப் பாரு, ஒரு கணுவுல மூணு எல. துன்னு பாத்துடாத, கைய கழுவிக்க.”

அவன் ஒரு இலையை வாங்கிப் புரட்டிப் பார்க்கிறான். ஒடித்துப் பார்க்கிறான். பிறகு குனிந்து நாலைந்து பொறுக்கிச் சாக்கில் போடுகிறான். தோட்டக்காரர் சாக்கின் வாயைக் கட்டி உள்ளே தூக்கிக்கொண்டு போகிறார். ஆடுகள் ரயில் பாதைப் பக்கம் பார்க்கின்றன. ஆயா தெற்கே, சுவர் நீண்டுபோகும் திசையைப் பார்க்கிறாள். அங்கேயும் மதிலுக்கு மேல் சிவப்புப் பூ தெரிகிறது.

பையன் அதைக் கவனித்துவிட்டான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அடுத்த வாயிலுக்கு அடிக்கிறான்.

“அண்ணே, உங்க பக்கம் அரளி வெட்டுனாங்களா? வெட்டுனத எங்க போட்டாங்க?”