எலி வேடம்

அடுக்குமாடி வீட்டில் பூனை வளர்க்கும் யாரிடம் பேசினாலும் ஒரு புகார் தவறாமல் வரும். விடியற்காலை நாலு மணிக்கு வீடு அமளிதுமளிப்படும். சோபாவிலிருந்து பீரோ மேல் ஒரு தாவல், அங்கிருந்து திரைச்சீலை, திரைச்சீலையிலிருந்து தூங்குகிறவர் வயிறு. வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் எங்களோடு குடியிருக்கும் மிளகும் இதற்கு விலக்கில்லை. பெயருக்கேற்ற கறுப்பு. இருட்டில் எந்தப் பக்கமிருந்து வந்து விழுவாள் என்று தெரியாது. "இதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாடா?" என்று அம்மா எழுந்து உட்கார்ந்து கேட்பாள்.

கிறுக்கெல்லாம் கிடையாது. பூனையை இரவு விலங்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதற்குரிய பொழுது அந்தியும் விடியலும்தான். எலியும் சிறு பறவையும் நடமாடத் தொடங்குகிற வேளை. நாளில் 12 முதல் 16 மணி நேரம் சுருண்டு கிடக்கும் உடம்பு, அந்த இரண்டு பொழுதுகளில் வேட்டைக்குக் கிளம்பியாக வேண்டும். மூன்றாவது மாடியில் எலிக்கு எங்கே போவது? போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் கால் கட்டைவிரல்தான் இருக்கிறது.

ஊரில் பூனைக்கு உத்தியோகம் இருந்தது. நெல் குதிரும் எலி வளையும் உள்ள வீட்டில் அதை யாரும் கொஞ்சவில்லை, விளையாட்டுக் காட்டவும் இல்லை. வேலை செய்தது, மீந்த மீன்முள்ளைத் தின்றது, திண்ணையில் படுத்தது. மனிதரும் பூனையும் சேர்ந்ததே இந்தக் கணக்கில்தான். மேற்கு ஆசியாவில் தானியத்தைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டு பழைய புதைகுழி ஒன்றில் மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்ததைக் கண்டெடுத்தார்கள். அத்தனை நீண்ட பழக்கத்தில், வாழ்நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை என்பது நேற்று வந்த ஏற்பாடு. 1947-ல் அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர் பூனை மலம் கழிக்கத் தனியாகக் களிமண் குருணை விற்க ஆரம்பித்த பிறகுதான் அது பரவலானது.

அடைத்து வைப்பது கொடுமை என்று வாதாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வண்டியும் தெருநாயும் மொய்க்கும் சாலையில் பூனையை இறக்கிவிடுவதை சுதந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பால்கனிக்குப் புறா வலை கட்டியாயிற்று. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பூனை எப்படி விழுந்தாலும் காலில் நிற்கும் என்று நம்பி ஜன்னலைத் திறந்து போடுகிறவர்கள் அந்த எண்ணிக்கையை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அடைத்தாயிற்று என்றால் பறித்துக்கொண்ட வேலைக்கு ஈடாக ஏதாவது கொடுக்க வேண்டும். தட்டு நிறையத் தீனி போட்டால் அந்தக் கடன் தீராது. பசி வேறு, வேட்டை வேறு என்பதை ஜெர்மானிய விலங்கியலாளர் பால் லைஹவுசன் பல ஆண்டுகள் பூனைகளைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். வயிறு நிறைந்த பூனையும் பதுங்கும், பாயும், கவ்வும். அதற்கு வழியில்லாதபோது உடம்பு பெருக்கும், இல்லையென்றால் சலிப்பில் ஒரே இடத்தை நக்கி நக்கி முடியை உதிர்த்துக்கொள்ளும், நடக்கிறவர் காலைப் பிடிக்கும்.

உடனே கடைக்கு ஓடுவோம். மணி வைத்த பந்து, சாவி கொடுத்தால் ஓடும் எலி, இறகு ஒட்டிய மீன். முதல் நாள் ஆரவாரம். மூன்றாம் நாள் அவை சோபாவுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும், பூனை அவை வந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். இதில் பூனையின் தவறு எதுவும் இல்லை. இங்கிலாந்தில் ஜான் பிராட்ஷாவும் சாரா ஹாலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பூனை சலித்துப்போகிறது, வேறொன்றைக் கொடுத்ததும் உயிர் வருகிறது. நிஜ எலி பாய்ந்து கடித்தால் கிழியும், துவளும், ஏதாவது ஒரு விதத்தில் மாறும். ரப்பர் எலி அப்படியே இருக்கிறது. எத்தனை கடித்தும் மாறாத இரையோடு யார் மல்லுக்கட்டுவார்கள்? அதனால் எல்லாவற்றையும் கூடத்தில் இறைத்து வைக்காமல் ஒரு துணிப்பைக்குள் போட்டு மூடி, நாளுக்கு ஒன்றாக வெளியே எடுப்பது நல்லது.

பொம்மை எதுவானாலும் அதை ஆட்டுகிற கையில்தான் சூட்சுமம். எங்கள் வீட்டில் புழங்குவது தென்னை ஈர்க்கு நாலைந்தைச் சேர்த்துக் கட்டிய ஒரு குச்சி, அதன் நுனியில் ஒரு முழ நூல், நூலில் கோழி இறகு. அக்கா மகன் லீவுக்கு வந்தால் அதை மிளகின் மூக்குக்கு நேரே ஆட்டுவான். அவள் பின்வாங்குவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "மாமா, இதுக்கு விளையாடவே தெரியல." மூக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் இருப்பது பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. அங்கே மீசை மயிரை முன்னுக்கு வளைத்துத் தடவித்தான் அறிந்துகொள்ளும். தவிர, எந்த எலி பூனையைத் தேடி வந்து முகத்தில் இடிக்கும்?

இதை எனக்கும் அவனுக்கும் சேர்த்துப் புரிய வைத்தது அம்மா. கொல்லைப்புற எலிகளைப் பார்த்தே வளர்ந்தவள். "எலி இப்படியாடா ஓடும்? சுவரை ஒட்டியே போகும். போய் நிக்கும். மோந்து பாக்கும். அப்புறம் ஒரே ஓட்டம்." நாற்காலியில் உட்கார்ந்தபடியே குச்சியை வாங்கி, இறகைக் கோரைப்பாயின் ஓரத்துக்கு அடியில் செருகி, ஈர்க்கு நுனியால் பாயை மெல்லச் சுரண்டினாள். அந்தச் சரசரப்புக்கு மிளகின் காதுகள் இரண்டும் திரும்பின. சுரண்டல் நின்றது. மிளகு தரையோடு தரையாகத் தாழ்ந்தாள், கண்ணின் கருமணி விரிந்து மஞ்சளே தெரியாமல் போனது. அம்மா அசையவில்லை. அக்கா மகன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னங்கால்கள் மாறி மாறி மிதித்து இடுப்பு ஆடத் தொடங்கியதும் இறகு பாயை விட்டு வெளிப்பட்டு, பீரோவின் பக்கம் ஓடியது. மிளகு பாய்ந்த வேகத்தில் பாய் சுருண்டு சுவரில் போய் முட்டியது. இந்த ஆட்டத்தில் ஓடுவதைவிட நிற்பது முக்கியம். பூனை வேட்டையின் பெரும்பகுதி காத்திருப்புதான். அவசரக்காரர்களுக்கு எலி வேடம் பொருந்தாது.

லேசர் விளக்கு எனக்குப் பிடிக்காது. பூனையை லேசர் ஒளியால் ஓட வைக்கும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்திருக்கிறார்கள், அது வேறு வேடிக்கை. நாற்காலியை விட்டு எழாமல் பூனையை ஓடவிட நினைக்கும் மனிதருக்கு அது வசதி. பூனைக்கு என்ன கிடைக்கிறது? ஓடி ஓடிப் பாதம் வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. விளக்கை அணைத்த பிறகும் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கும். வேட்டை என்றால் கடைசியில் ஏதாவது பல்லில் அகப்பட வேண்டும்.

ஆகவே ஆட்டம் முடியும்போது எலி தோற்க வேண்டும். ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, இறகைப் பிடிக்க விட்டு, அவள் அதைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்த் திரும்பியதும் இரவுச் சாப்பாட்டை வைப்போம். வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம். பூனையின் வரிசை அது. இரவு படுக்கப்போகும் முன் இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு நாலு மணிக் கூத்து அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய். ஐந்தரைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அம்மா எழுகிற நேரமும் அதுதான் என்பதால் புகார் நின்றுவிட்டது.

இதற்கு நேரமில்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வெளியே சுற்றும் பூனைகளோடு தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாடிய வீடுகளில், அவை கவ்விக்கொண்டு வந்த இரை 25 சதவீதம் குறைந்திருந்தது. நிஜ வேட்டையின் பசியையே பத்து நிமிட ஆட்டம் அவ்வளவு தணிக்கிறது. ஒரு விளம்பர இடைவேளைக்கும் சற்றுக் கூடுதலான நேரம்.

காசில்லாத கேளிக்கையும் உண்டு. மதில் ஓரத்தில் களை என்று பிடுங்கிப் போடும் குப்பைமேனியின் வேரை முகர்ந்தால் பல பூனைகள் சொக்கிப்போய் உருளும். பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயரே இருக்கிறது. எல்லாப் பூனையும் மயங்காது. மிளகு மயங்குவாள். தின்ன விடாமல் கொஞ்ச நேரத்தில் வேரை எடுத்துவிடுவோம். காலி சோடா பாட்டிலில் ஓட்டை போட்டு உலர்தீனியை நிரப்பினால் அதை உருட்டி உருட்டித் தின்பதில் ஒரு மத்தியானம் கழியும்.

பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆட்டம் முடிந்ததும் நூல் கட்டிய குச்சியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள். பூக்கட்டும் நூல், ஊசியில் கோத்த நூல், ரப்பர் பேண்ட் எதையும் கீழே விடாதீர்கள். பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. நூல் அதில் சிக்கினால் துப்ப வராது, உள்ளே போய்க் குடலைச் சுருட்டி அறுத்துவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் நுனி தெரிந்தால் நீங்களே பிடித்து இழுக்க வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.