சொந்த மொழியில் ஒரு மணி நேரம்

உக்ரைன் நாட்டில் ஊமான் என்றொரு நகரம். யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானா வந்துவிட்டால் இஸ்ரேலிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பல்லாயிரம் பேர் அங்கே போய்ச் சேர்கிறார்கள். 2022-இல், ரஷ்யப் படைகள் உள்ளே புகுந்து நாடே பற்றியெரிந்தபோது, வர வேண்டாம் என்று அரசுகள் எச்சரித்தும் கூட்டம் வந்தது. அவர்கள் தேடிப் போவது ஒரு கல்லறையை. அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் ரப்பி நஹ்மான். 1810-இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 38. பிராட்ஸ்லாவ் என்ற ஊரில் இருந்து போதித்ததால் ஊர்ப்பெயரோடு சேர்த்தே அவரை அழைக்கிறார்கள்.

யூத மெய்ஞ்ஞானிகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் இவர். இவருடைய போதனைகளில் பலவற்றைப் புரிந்துகொள்ள கபாலா என்னும் மறைஞான மரபில் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி எனக்கு இல்லை. ஆனால் அவர் சொன்னவற்றில் ஒன்றுக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. தினமும் ஒரு மணி நேரம் தனியாகப் போய், கடவுளோடு உன் சொந்த மொழியில் வாய்விட்டுப் பேசு என்பதுதான் அது.

நஹ்மான் 1772-இல் மெட்ஜிபிஜ் என்ற ஊரில் பிறந்தார். ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தைத் தோற்றுவித்த பால் ஷெம் தோவ் இவருக்குத் தாய்வழிக் கொள்ளுப்பாட்டன். எல்லாமே கைக்கு எட்டும் குடும்பம்தான். ஆனாலும் இந்தப் பையன் தன் வீட்டுப் பரணில் ஏறி ஒளிந்துகொண்டு மன்றாடுவான். 13 வயதில் மணமாகி மாமனார் ஊருக்குப் போன பிறகு, குதிரையேறிக் காட்டுக்குள் போய்விடுவான். சில சமயம் சிறு படகை எடுத்துக்கொண்டு ஆற்றின் நடுவுக்குப் போவான். துடுப்புப் போடத் தெரியாது. படகு ஆட்டங்கண்டு இப்போதோ அப்போதோ என்றிருக்கும்போது, வேறு துணையில்லாதவனாக இறைவனைக் கூவி அழைப்பான். பின்னாளில் அவர் சீடர்களுக்குக் கற்றுக் கொடுத்ததெல்லாம் அந்தக் கூவலிலிருந்து பிறந்ததுதான்.

யூதர்களின் பிரார்த்தனை மொழி ஹீப்ரு. வேளைக்கு வேளை ஓத வேண்டியவை ஏடுகளில் வகுக்கப்பட்டிருக்கின்றன. நஹ்மான் அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை, தாமும் கைவிடவில்லை. அதற்கு மேலும் ஒன்று வேண்டும் என்றார். வீட்டிலும் சந்தையிலும் பேசும் இத்திஷ் மொழியில்தான் இதயம் இளகும். ஆகவே அதிலேயே பேசு என்றார். ஊர் உறங்கும் இரவு நேரம், ஆள் நடமாட்டமில்லாத பாதை, புல் விளைந்த வெளி ஆகியவை இதற்கு உகந்தவை என்றார். வாயே திறக்க வரவில்லை என்றால்? பேச முடியவில்லை என்பதையே பேச்சாக்கு, அதற்காக நிற்பதும் பிரார்த்தனைதான் என்பது அவர் பதில். ஒரே ஒரு சொல்தான் வருகிறதா, அதையே திரும்பத் திரும்பச் சொல்.

என் தந்தை காலமான பிறகு சில மாதங்கள் எனக்கு எந்தத் துதியும் நாவில் ஒட்டவில்லை. அப்போதுதான் இதைச் செய்து பார்த்தேன். இரவில் மொட்டைமாடியில் நடந்தபடி மெல்லிய குரலில் பேசினேன். முதலில் வந்ததெல்லாம் சில்லறை விஷயங்கள்: மருத்துவமனைக் கணக்கு, சொத்துப் பத்திரம், தம்பியோடு ஒரு மனத்தாங்கல். அவை தீர்ந்த பிறகுதான் அடியில் கிடந்தது மேலே வந்தது. மனத்துக்குள்ளேயே நினைத்துக்கொண்டிருக்கும் துயரத்துக்கு முடிவே கிடையாது. அது ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கும். வாய்விட்டுச் சொல்லும்போது ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்தாக வேண்டும். முடித்த பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். பேச்சு துயரத்தை நகர்த்துகிறது. நஹ்மான் வெறும் தியானத்தைச் சொல்லாமல் பேச்சை வற்புறுத்தியதன் நியாயம் எனக்கு அங்கே விளங்கியது.

ஏன் ஒரு மணி நேரம் மட்டும்? இதற்கும் அவரிடம் தெளிவான பதில் உண்டு. நொறுங்கிய இதயம் வேறு, சோர்வு வேறு என்று அவர் பிரித்தார். நொறுங்கிய இதயம் தகப்பனிடம் வந்து முறையிட்டு அழும் குழந்தை போன்றது. அழுது முடித்ததும் அதற்கு மகிழ்ச்சி வந்துவிடும். சோர்வு அப்படியல்ல. அது உள்ளூரக் கோபம்; கேட்டது கிடைக்கவில்லையே என்று இறைவன்மேல் கொண்ட மனக்குறை. ஆகவே அந்த ஒரு மணி நேரத்தில் இதயத்தை முழுதாக உடைத்துக்கொள், நாளின் மிச்சத்தை மகிழ்ச்சியோடு கழி என்றார். மகிழ்ச்சியை அவர் ஒரு கடமையாகவே வைத்தார். தானாக வராவிட்டால், உனக்குள் ஏதேனும் ஒரு நன்மைப் புள்ளியைத் தேடு, எவ்வளவு சிறியதானாலும் பிடித்துக்கொள் என்றார். பிறரிடமும் அதையே தேடச் சொன்னார். தீயவன் என்று ஊர் ஒதுக்கியவனிடமும் அந்தப் புள்ளி இருக்கும்; அதை நீ கண்டுகொள்வதே அவனை உயர்த்திவிடும் என்றார்.

இவற்றைச் சொன்னவர் சுகமாக வாழ்ந்த மனிதர் அல்ல. பிள்ளைகளில் பாதிப்பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார். 1807-இல் மனைவி காசநோயால் இறந்தார். தமக்கும் அதே நோய் வந்துவிட்டது. 1810-இல் பிராட்ஸ்லாவில் வீடு தீக்கிரையானது. சாகும் இடமென்று தெரிந்தே ஊமானுக்குப் போனார். 1768-இல் அங்கே யூதர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தார்கள். அவர்கள் புதைக்கப்பட்ட மயானத்தில் தானும் கிடக்க வேண்டும் என்று விரும்பினார். அந்தக் கோடையில், யூதர்களின் வார ஓய்வுநாளான சாபத் ஒன்றில், பேசத் தெம்பில்லாமல் வந்து அமர்ந்தவர், தமக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று சீடர்களிடம் சொன்னார். அங்கிருந்து மெல்லப் பேசத் தொடங்கி, நம்பிக்கையிழக்க வேண்டாம் என்று உரக்கக் கூவி முடித்தார். அவர் மரபினர் இன்றும் பற்றிக்கொண்டிருக்கும் வாசகம் அன்றைக்குப் பிறந்தது. நோயின் நடுவிலிருந்து, விடை தெரியாத ஒருவரிடமிருந்து வந்ததால்தான் அதை என்னால் நம்ப முடிகிறது.

ஐயத்தையும் அவர் விலக்கிவைக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த ஐசக் லூரியா, உலகுக்கு இடம் தருவதற்காக இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டு ஒரு வெற்றிடத்தை உண்டாக்கினான் என்று போதித்தவர். நஹ்மான் அதை மனித மனத்துக்குள் கொண்டுவந்தார். அந்த வெற்றிடத்திலிருந்து எழும் சில கேள்விகளுக்கு வாதத்தால் விடை கிடையாது. அங்கே மௌனமும் இசையுமே துணை என்றார். தம் கடைசி மாதங்களில், மத நம்பிக்கையைத் துறந்த ஊமான் அறிவாளர்களோடு அமர்ந்து உரையாடினார்.

அவர் சொன்னதாக வழங்கும் ஒரு கதை உண்டு. ஓர் இளவரசனுக்குத் தான் ஒரு வான்கோழி என்ற எண்ணம் வந்துவிட்டது. உடைகளைக் களைந்துவிட்டு மேசைக்கடியில் புகுந்து சிந்தியதைக் கொத்தித் தின்றான். மருத்துவர்கள் கைவிட்டார்கள். ஒரு ஞானி வந்தார். அவனை மேலே வா என்று அழைக்கவில்லை. தானும் உடை களைந்து, நானும் வான்கோழிதான் என்று அவனருகே போய் உட்கார்ந்தார். கொஞ்ச நாள் பழகிய பின், வான்கோழி சட்டை போட்டுக்கொண்டால் என்ன, மேசைமேல் உண்டால் என்ன என்று கேட்டுக் கேட்டே அவனை மீட்டார். நாம் இருக்கும் இடத்துக்கே இறங்கி வந்து, நம் மொழியிலேயே நம்மைக் கேட்கும் கடவுளைத்தான் நஹ்மான் கண்டிருக்கிறார்.

அவருக்குப் பின் அவர் இருக்கையில் எவரும் அமரவில்லை. சீடர் நாதன் அவர் போதனைகளையும் கதைகளையும் எழுதி அச்சேற்றினார். குரு பட்டத்தை ஏற்கவில்லை. இறந்தவரைப் பின்பற்றுகிறவர்கள் என்று பிற ஹசிதியர்கள் இவர்களை ஏசினார்கள். ஆனால் தன்னந்தனியாகக் கடவுளிடம் பேசக் கற்றுக் கொடுத்த ஆசானுக்கு வாரிசு தேவைப்படவில்லை.

மனப்பாரம் சுமக்கும் எவருக்கும் இதை நான் தயங்காமல் சொல்வேன். எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, கேட்பவர் உண்டா என்ற ஐயம் இருந்தாலும் சரி, இன்றிரவு தனியே ஓர் இடம் தேடிக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து, வீட்டில் பேசும் தமிழிலேயே, முதலில் வருவதைச் சொல்லத் தொடங்குங்கள்.