கரைக்கு வரும் காலம்

மீன் பிடிக்கப் பொறுமை ஒன்றே போதும் என்பாரோடு நான் உடன்படுவதில்லை. வட அமெரிக்க நன்னீர் மீனாகிய கிராப்பியைப் பிடிக்கக் காலமறிதலே முதன்மை.

டென்னசி மாநிலத்தின் ரீல்ஃபுட் ஏரி, 1811–12 ஆம் ஆண்டுகளின் நிலநடுக்கங்களில் தாழ்ந்த நிலத்தில் நீர் நிரம்பித் தோன்றியது. அன்று மூழ்கிய சைப்ரஸ் மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் நீருக்குள் நிற்கின்றன. அங்கே நான் முதலில் நீரில் இறக்கியது தூண்டிலை அன்று, வெப்பமானியை. குளிர்காலத்தில் ஆழத்தில் ஒடுங்கியிருக்கும் கிராப்பி, இளவேனிலில் நீர் ஏறத்தாழ 16 முதல் 20 பாகை செல்சியசு வரை வெதுவெதுப்படையும்போது முட்டையிடக் கரையோரம் வரும். கட்டைகளின் அருகே தங்கும்.

அது பெரும்பாலும் மேல்நோக்கியே இரை தேடும். ஆதலால் மிதவையைச் சரிசெய்து, சிறுமீன் இரையை அதன் தலைக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். மிதவை அமிழ்ந்ததும் வெடுக்கென இழுத்தலாகாது. ‘காகித வாய்’ என்று அங்குள்ளோர் அழைக்குமளவு மெல்லிய வாய், கிழிந்துவிடும்.

அன்று அகப்பட்ட ஒன்றன் முகமும் தொண்டையும் கரி பூசியதுபோல் கறுத்திருந்தன. இனப்பெருக்கக் காலத்து ஆண்மீனின் நிறம் அது. பெண்மீன் முட்டையிட்டு விலகிவிடும். கூடமைப்பதும், துடுப்பசைத்து முட்டைகளுக்குப் புதுநீர் செலுத்துவதும், அயல்மீன்களை விரட்டுவதும் ஆணின் பணி. உண்ணச் சுவையான மீன்தான். எனினும் முள்ளை மெல்லக் கழற்றி நீரில் விட்டேன். அது ஆழத்தை நோக்கி ஓடவில்லை. கட்டையின் நிழலுக்குள் திரும்பிற்று.