ராத்தாவின் சின்ன வயிறும் நம்ம ஊர் அகப்பையும்



கொஞ்சம் நீளமான பதிவு. எங்கள் ராத்தா வாசித்துப் பார்த்து, "சரி, போடுங்க" என்று சொன்ன பிறகுதான் இதைப் போடுகிறோம்.

வண்ணாத்திவில்லில் லுஹருக்கு நடந்தது அஸருக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போகிற வழியில் நாலு சொல் கூடியும் விடும். ராத்தாவின் விஷயத்திலும் அப்படித்தான். "கென்சராம்" என்றார்கள், "யாரோ செய்வினை வெச்சிட்டாங்களாம்" என்றார்கள். இரண்டும் இல்லை. ராத்தா செய்துகொண்டது உடல் எடையைக் குறைக்கும் ஒபரேஷன். 116 கிலோ இருந்தவர் பதினாலு மாதத்தில் 82 கிலோவுக்கு வந்திருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். சந்தோஷச் செய்திதான். ஆனால் அந்தப் பதினாலு மாதமும் எப்படிப் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஏனென்றால் அதில் பாதி எங்கள் வீட்டுக்குள் நடந்தது, மற்றப் பாதி உங்கள் வீடுகளில் நடந்தது.

முதலில், ஏன் செய்தோம் என்பது. ராத்தாவுக்கு ஒன்பது வருஷமாகச் சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் நோவு. இரவில் குறட்டை விடும்போது மூச்சு நின்று நின்று வரும். பக்கத்தில் படுத்தவர்கள் பயத்தில் எழுப்பிவிடுவோம். "வாயைக் கட்டுங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. அவர் கட்டாமலும் இல்லை. இரண்டு தடவை பட்டினி கிடந்து பன்னிரண்டு கிலோ வரைக்கும் குறைத்தார். இரண்டு தடவையும் வருஷம் திரும்புவதற்குள் வட்டியோடு திரும்பி வந்தது. இதை மனவுறுதி இல்லாத குணம் என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் எடை குறையத் தொடங்கினால் உடம்பே பசியைக் கூட்டுகிறது, எரிக்கும் சக்தியைக் குறைக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோனை 1999இல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அது அதிகமாகச் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில்.

ராத்தாவுக்குச் செய்தது 'ஸ்லீவ்' என்ற முறை. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்குக் கிட்ட வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒடுங்கிய குழாய் போல ஆக்கிவிடுகிறார்கள். கிரெலின் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசியும் குறைகிறது. மிஞ்சியிருக்கும் இரைப்பையில் தொடக்கத்தில் ஒரு சின்ன பிளேன்டீக் கோப்பை அளவுதான் பிடிக்கும். 'பைபாஸ்' என்று இன்னொரு முறையும் இருக்கிறது, அதில் குடலின் பாதையையும் மாற்றுவார்கள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகு சிகிச்சை வேறு, இது வேறு. இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம். கொழும்பு தேசிய வைத்தியசாலை, களுபோவில போதனா வைத்தியசாலை போன்ற அரச ஆஸ்பத்திரிகளிலும் இதைச் செய்கிறார்கள். பணக்காரர் விளையாட்டு என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறோம்.

"அல்லாஹ் தந்த வயிற்றை வெட்டுறதா?" என்றும் கேட்டார்கள். எங்கள் மௌலவியிடம் கேட்டோம். "அழகுக்காக இல்லையே, வருத்தத்துக்கு வைத்தியம்தானே" என்றார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஒபரேஷனுக்கு முந்திய இரண்டு கிழமை அரை வயிற்று நீராகாரம். ஈரல் சுருங்கினால்தான் டொக்டருக்கு உள்ளே இடம் கிடைக்குமாம். ஒபரேஷன் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது. அடுத்த நாளே எழுப்பி நடக்க வைத்தார்கள், காலில் இரத்தம் உறையக் கூடாது என்பதற்காக. கொழும்பிலிருந்து திரும்பி வரும்போதும் நீர்கொழும்பு, சிலாபம் என்று வேனை நிறுத்தி நிறுத்தி ராத்தாவை நடக்க வைத்துத்தான் கூட்டி வந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. முதல் இரண்டு கிழமை வடித்த சூப், வடித்த கஞ்சி, தண்ணிப் பால். அதையும் இருமல் மருந்து ஊற்றும் சின்னக் கோப்பையில், பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. பிறகு இரண்டு கிழமை அரைத்த சாப்பாடு. பிறகு மெதுவானது. இரண்டு மாதம் ஆன பிறகுதான் வழக்கமான சாப்பாட்டுப் பக்கம் போனார். மேசையில் மணிக்கூடு வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் ராத்தாவோடு சேர்ந்து மெதுவாகச் சாப்பிடப் பழகினோம். வாப்பா மட்டும் பழகவில்லை. அவர் ஐந்து நிமிஷத்தில் எழும்பிவிடுவார்.

இனி உங்கள் பாதி.

வருத்தம் பார்க்க வெறுங்கையோடு போகிற பழக்கம் நம்ம ஊரில் இல்லை. ஆட்டுக்கால் சூப் வந்தது, பழம் வந்தது, மால்ட் டின் வந்தது, இடியப்பமும் சொதியும் வந்தது. அல்லாஹ் எல்லோருக்கும் பரக்கத் செய்யட்டும். ஐந்தாம் கிழமை ஒரு பெரியம்மா வந்தார். ராத்தாவைப் பார்த்து அழுதார். "ஒரு வாய் சோறு திங்காம எப்படி மகள் உசிர் நிக்கும்?" என்று தன் கையாலேயே கோழிக்கறியும் சோறும் பிசைந்து ஊட்டினார். ராத்தாவுக்கு மறுக்க முடியவில்லை. சின்ன வயதில் ஊட்டிய கை அது. மூன்றாவது வாயிலேயே நெஞ்சில் அடைத்தது. அன்றைக்குத் தொடங்கிய வாந்தி நாலு நாள் நிற்கவில்லை. பிறகு தண்ணீரைக் கண்டாலே பயம்.

வாந்தி தானே, நின்றுவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஆனால் கிளினிக் கொப்பியில், வாந்தி நிற்காவிட்டால் உடனே வர வேண்டும் என்று எழுதியிருந்தது. நாங்கள் தொலைபேசியில் கேட்டபோது அன்றைக்கே வரச் சொன்னார்கள். நரம்பு வழியாகத் தண்ணீரும், தயமின் என்ற பி1 விட்டமினும் ஏற்றினார்கள். இந்த ஒபரேஷன் செய்தவர்களுக்கு வாந்தி தொடர்ந்தால் பி1 சீக்கிரம் வற்றிவிடும். அது வற்றினால் கண் தடுமாறும், நடை தடுமாறும், புத்தி கலங்கும். பிந்தினால் திரும்பாமலே போகலாம். ராத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெரியம்மா மீது எங்களுக்கு ஒரு துளி கோபமும் இல்லை. நம்ம ஊரில் அன்பு அகப்பையில்தான் இருக்கிறது. இன்னும் ஒரு அகப்பை வைத்தால் இன்னும் கொஞ்சம் அன்பு. அந்தக் கணக்கைத்தான் நாம் மாற்ற வேண்டியிருக்கிறது.

நாலாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வேகமாக எடை குறைந்தால் வருவது, பிறகு வளரும் என்று சொன்னார்கள். வளர்ந்தது. ஆனால் அந்த நாட்களில் கேட்ட பேச்சு இருக்கிறதே! "என்னா புள்ள, முகமெல்லாம் காய்ஞ்சு போச்சே." முந்தி "என்னா இப்படி ஊதிட்டீங்க" என்று கேட்ட அதே வாய். ராத்தா இரண்டு மாதம் வெளியில் போகவில்லை. சாப்பாடுதான் அவருடைய சந்தோஷமாக இருந்தது, சமைத்துக் கொடுப்பதுதான் அவருடைய பெயராக இருந்தது. இரண்டும் ஒரே நாளில் கையை விட்டுப் போனது போல இருந்திருக்கும். உடம்பின் காயம் ஆறிய பிறகும் இந்தக் காயம் ஆறக் காலம் எடுத்தது.

ஐந்தாம் மாதம் ரமழான் வந்தது. டொக்டர் இந்த வருஷம் நோன்பு வேண்டாம் என்றார். காரணம் எளிது. ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீராவது உள்ளே போக வேண்டும். ஒரே மூச்சில் அரைக் கோப்பை கூடக் குடிக்க முடியாத வயிற்றில், இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் அவ்வளவையும் எப்படி ஏற்றுவது? அதுவும் நம்ம ஊர் வெயிலில்? வருத்தக்காரருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, பிறகு களாச் செய்யலாம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், பகலில் அவர் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்ததைப் பார்த்து முகத்தைத் திருப்பியவர்கள் இருந்தார்கள். ராத்தா அழுதார். அந்த முப்பது நாளும் அஸருக்கு முன்னால் பள்ளிக் கஞ்சிக்கு இஞ்சி, வெள்ளைப்பூடு உரித்துக் கொடுத்தது அவருடைய கைதான். இப்போது விட்ட நோன்பை டொக்டரிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகப் பிடித்து வருகிறார்.

பெருநாள் அன்று வட்டிலப்பம் இரண்டு கரண்டி சாப்பிட்டார். பத்து நிமிஷத்தில் வியர்வை, நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்று. இனிப்பு இரைப்பையில் நிற்காமல் சட்டென்று குடலுக்குள் இறங்கினால் அப்படி வரும். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம். இப்போது நாக்கில் ஒரு துளி வைத்துவிட்டு, "ஏலக்காய் கூடிட்டுது" என்று தீர்ப்புச் சொல்வதோடு சரி.

ஒபரேஷன் செய்தால் எல்லாம் முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். புத்தளம் பக்கத்தில் உதைபந்தாட்டம் பார்க்காத வீடு இல்லை, அதனால் மரடோனாவைச் சொல்கிறோம். 2005இல் கொலம்பியாவில் பைபாஸ் செய்து ஆளே மாறிப்போனார். பிறகு எடை திரும்பி வந்து 2015இல் வெனிசுவேலாவில் மறுபடியும் ஒபரேஷன் செய்ய வேண்டி வந்தது. இந்திய அமைச்சர் நிதின் கட்கரி 2011இல் செய்துகொண்டார், இன்றைக்கும் ஓடியாடி வேலை செய்கிறார். சுவீடனில் 1987இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்விலும் இரண்டும் தெரிந்தது. ஒபரேஷன் செய்தவர்களில் மரணம் குறைவு. ஆனால் முதல் ஓரிரு வருஷத்துக்குப் பிறகு எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறப் பார்க்கும். இரைப்பையைத்தான் டொக்டர் சின்னதாக்குகிறார். மூன்று வேளையும் மேசைக்கு என்ன வருகிறது என்பது வீட்டாரின் வேலை, விருந்து வைக்கிறவர்களின் வேலை.

இன்பொக்ஸில் நிறையப் பேர் கேட்டதால், எங்களுக்குச் சொல்லித்தந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம். யாருக்கு இந்த ஒபரேஷன் பொருந்தும் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

1. முதலில் மீன், முட்டை, இறைச்சி, பருப்பு. பிறகு மரக்கறி. கடைசியில் இடமிருந்தால் சோறு. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது, கணக்குப் பாருங்கள். நம் கோப்பையில் சோறு மலை, மீன் துண்டு ஒன்று. அதைத் தலைகீழாக்க வேண்டும்.

2. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. முன்னும் பின்னும் அரை மணித்தியாலம் இடைவெளி.

3. விட்டமின், இரும்பு, கல்சியம், பி12 எல்லாம் ஆயுள் முழுக்க. "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தக் கூடாது. கிளினிக்கையும் விடக் கூடாது.

4. முழங்கால் நோவு என்று பாமசியில் டைக்லோபினாக், புரூபன் வாங்கிப் போடக் கூடாது. இரைப்பையில் புண் வரும். டொக்டரிடம் கேளுங்கள்.

5. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒபரேஷன் முடிந்த உடனேயே அளவு குறையலாம். பழைய அளவிலேயே போட்டால் சீனி ஆபத்தாக இறங்கும். ராத்தா இப்போது இன்சுலின் இல்லாமல் ஒரு குளிசையோடு இருக்கிறார்.

6. இளம் பெண்கள் குறைந்தது ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப் போட வேண்டும். எடை குறைந்தால் கரு தங்குவது லேசாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆசிரியர் என்ற முறையில் இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் பருமனான பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைப்பது விளையாட்டாகப் போய்விட்டது. ராத்தா பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டதற்கு அப்படி ஒரு பட்டப்பெயர்தான் காரணம் என்று இந்த வருஷம்தான் எங்களிடம் சொன்னார். இருபத்தைந்து வருஷம் உள்ளே வைத்திருந்திருக்கிறார். வயிற்றை மூன்றாகப் பங்கிடச் சொல்லும் நபிமொழியை நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் சொல்லி அழைக்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் படிப்பிப்போம்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் எங்கள் சாச்சாவின் மகளுக்குக் கலியாணம். ராத்தா வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒபரேஷனுக்குப் பிறகு அவர் போகும் முதல் விருந்து அது. பெண்கள் பக்கம் சஹனில் உட்காருவார். நாலு வாய் இறைச்சி எடுப்பார், மெதுவாக மெல்லுவார், பிறகு சும்மா இருந்து கதைத்துக்கொண்டிருப்பார். "ஏன் கை வைக்கல்ல" என்று கேட்காதீர்கள். அவர் பங்குச் சோற்றை நீங்களே சாப்பிடலாம். பக்கத்தில் இடத்தை மட்டும் கொடுங்கள்.

ராத்தாவுக்காகவும், வருத்தத்தோடு இருக்கும் எல்லோருக்காகவும் துஆச் செய்யுங்கள்.